பகைவரின் குழந்தை: எக்லன்டைன் ஜெப் அம்மையார் பணிக்கு வந்த வழி

ஊழியத்திற்கான அழைப்பு ஒரு நொடியில் வந்துவிடும் என்று நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். தமஸ்குப் பாதையில் சவுலுக்கு நேர்ந்தது எல்லாருக்கும் நேர வேண்டுமென எதிர்பார்க்கிறோம். ஆனால் பலருக்கு அழைப்பு பல்லாண்டுகளில் சிறுகச் சிறுகவே தெளிவாகிறது. தோல்வியும் அதில் ஆசிரியராக அமைகிறது. முதல் உலகப் போருக்குப்பின், நாடுகளின் எல்லை கடந்து குழந்தைகளின் துயர் துடைக்கும் பணியைத் தொடங்கிய எக்லன்டைன் ஜெப் அம்மையாரின் வாழ்வு இதற்குச் சான்று. அவர் அப்பணிக்கு வந்த வழியை இங்கே சுருக்கமாக ஆராய்வோம்.

வகுப்பறையும் ஆய்வும்

ஜெப் 1876ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில், நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்றபின், தம் வகுப்பினர் எளிதில் நாடாத தொழிலைத் தேர்ந்து, மார்ல்பரோ நகரில் ஏழைப் பிள்ளைகளின் தொடக்கப் பள்ளியில் ஆசிரியரானார். இரண்டு ஆண்டுகள் நிறையுமுன்னே உடல்நலம் குன்றி, இப்பணிக்குத் தாம் ஏற்றவரல்லர் என்ற கசப்பான உணர்வுடன் அதை விட்டு விலகினார். குழந்தைகளிடம் இயல்பான ஈர்ப்புத் தமக்கு இல்லை என்பதை அவர் மறைத்ததில்லை. பிற்காலத்தில் உலகக் குழந்தைகளுக்காகவே உழைத்தவர் இவர் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். அவருடைய தொண்டு இனிய மனவெழுச்சியிலிருந்து பிறந்ததன்று.

பின்னர் தாயாருடன் கேம்பிரிட்ஜில் குடியேறிய அவர், அங்கிருந்த ஈகை ஒழுங்கமைப்புச் சங்கத்தில் சேர்ந்தார். உதவி செய்யுமுன் உண்மை நிலையை ஆராய வேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. அந்நகரத்து ஏழைகளின் வீடு, வேலை, கல்வி ஆகியவற்றை ஆராய்ந்து 1906ஆம் ஆண்டில் ஒரு நூலையும் வெளியிட்டார். கணக்கும் ஒழுங்கும் இல்லாத இரக்கம் வீணாகும் என்பதை அவர் அங்கே கற்றார். ஆனால் அம்முறையில் ஒரு குறையும் இருந்தது. உதவிக்குத் தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்று மாந்தரை இரு கூறாக்கும் போக்கு அது. அப்பிரிவினை முற்றிலும் பொருளிழக்கும் இடத்திற்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை.

போர்க்களத்தின் ஓரத்தில்

1913ஆம் ஆண்டில் மாசிடோனிய நிவாரண நிதியின் சார்பாக அவர் பால்கன் நாடுகளுக்குச் சென்றார். வீடிழந்து குளிரிலும் நோயிலும் வாடிய அகதிகளை அங்கே நேரில் கண்டார். அவர்கள் எந்த இனத்தவர், எம்மதத்தவர் என்பது பசியின்முன் எவ்வகையிலும் உதவவில்லை. ரொட்டியும் போர்வையும் கொடுத்தால் மட்டும் போதாது, துயரத்தின் வேர் போரிலும் பகைமையிலும் இருக்கிறது என்ற தெளிவோடு அவர் நாடு திரும்பினார்.

அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. அவருடைய தங்கை டாரதி பக்ஸ்டன், பகை நாடுகளின் செய்தித்தாள்களைத் தருவிக்க அனுமதி பெற்று, அவற்றின் பகுதிகளை மொழிபெயர்த்து வெளியிடத் தொடங்கினார். ஜெப்பும் அதில் துணைநின்றார். எதிரி என்று சொல்லப்பட்ட மக்களின் வீட்டுத் துயரம் இவ்வாறு அவர்களுக்குத் தெரிய வந்தது. 1918 நவம்பரில் போர் நின்றபின்னும் நேச நாடுகளின் கடல் முற்றுகை நீடித்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பசியால் மெலிந்தனர். முற்றுகையை நீக்கக் கோரி 1919இன் தொடக்கத்தில் ஒரு குழு அமைந்தது. மெலிந்த ஆஸ்திரியக் குழந்தையின் படத்தைத் தாங்கிய துண்டுப் பிரசுரங்களை லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் வழங்கியதற்காக ஜெப் கைது செய்யப்பட்டார். தணிக்கை பெறாத வெளியீடு என்பதே குற்றச்சாட்டு. நீதிமன்றம் 5 பவுன் அபராதம் விதித்தது. அத்தொகையை அரசுத் தரப்பு வழக்கறிஞரே அவர் கையில் கொடுத்தார் என்பர். சில நாள்களுக்குள், 1919 மே 19 அன்று, ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் 'சேவ் தி சில்ட்ரன்' நிதி பொதுமக்கள்முன் தொடங்கப்பெற்றது.

திருச்சபைகளும் உரிமைச் சாசனமும்

ஜெப் ஆங்கிலிகன் திருச்சபையைச் சேர்ந்தவர். ஆயினும் அவர் ரோமுக்கும் வேண்டுகோள் விடுத்தார். போப் 15ஆம் பெனடிக்ட், 1919 நவம்பரில் வெளியிட்ட சுற்றுமடலில், டிசம்பர் 28ஆம் நாளாகிய மாசில்லாப் பாலகர் திருநாளன்று மத்திய ஐரோப்பியக் குழந்தைகளுக்காகக் காணிக்கை எடுக்கும்படி பணித்தார். 1920 டிசம்பர் சுற்றுமடலில் இந்நிதியைப் பெயர் சொல்லியே பாராட்டினார். எக்குமெனிக்கல் இயக்கம் முழு வடிவம் பெறுமுன்னே, பசித்த குழந்தை சபைகளை ஒரே மேசைக்கு அழைத்தது எனலாம்.

1920இல் ஜெனீவாவில் இதற்கெனப் பன்னாட்டு ஒன்றியம் உருவாயிற்று. 1921இல் ருஷ்யாவில் பெரும் பஞ்சம் வந்தபோது, போல்ஷெவிக்குகளின் நாட்டுக்கு உதவலாகாது என்று இங்கிலாந்தில் எதிர்ப்புக் கிளம்பியது. ஆயினும் சராட்டோவ் பகுதியில் சுமார் 3,00,000 குழந்தைகளுக்கு இந்நிதி உணவளித்தது. இதனோடு அவர் அமையவில்லை. கொடுப்பவர் மனம் மாறினால் ஈகை நின்றுபோகும், உரிமையோ நிற்காது. ஆகவே குழந்தைகளின் உரிமைகளை ஐந்து கூறுகளில் சுருக்கமாக வகுத்தார். இடர்க்காலத்தில் முதலில் உதவி பெறவேண்டியது குழந்தையே என்பது அவற்றுள் ஒன்று. 1924ஆம் ஆண்டில் சர்வதேச சங்கம் அச்சாசனத்தை ஏற்றது. 1928 டிசம்பரில் ஜெப் ஜெனீவாவில் காலமானார். ஐக்கிய நாடுகள் சபையின் 1959ஆம் ஆண்டுச் சாசனமும், இந்தியா 1992இல் இணைந்த 1989ஆம் ஆண்டு உடன்படிக்கையும் அவர் இட்ட அடித்தளத்தின்மேல் எழுந்தவை.

நமக்குரிய கேள்வி

வகுப்பறை அவருக்குத் தம் எல்லையைக் காட்டிற்று; கேம்பிரிட்ஜ் முறைமையைக் கற்பித்தது; மாசிடோனியா காரணத்தைக் காட்டிற்று. ஆனால் பகைவரின் குழந்தையே, 'தகுதியுள்ளவர் யார்?' என்ற பழைய கேள்வியை அடியோடு தகர்த்தது. பசித்த பகைவனைப் பற்றிப் பவுல் ரோமர் 12ஆம் அதிகாரத்தில் கூறுவதை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் புயலோ வெள்ளமோ வந்து, சபைக்கு நிவாரணப் பொருள்கள் வந்து சேரும்போது, நம் கையிலுள்ள பெயர்ப் பட்டியல் எதிலிருந்து தொடங்குகிறது? சபைப் பதிவேட்டிலிருந்தா? நம் தெருவிலிருந்தா? நம் உறவினரிடமிருந்தா? அப்பட்டியலில் இடம்பெறாத ஒரு குழந்தை நம் வாசலுக்கு வெளியே நிற்குமாயின், நம் இறையியலுக்கு அங்கேதான் சோதனை.