சுழன்ற மேடையும் சுழலாத மேடையும்

ஒரு நாடகம் தான் பிறந்த நகரத்தை விட்டு ஊர் ஊராகப் புறப்படும்போது எதை எடுத்துச் செல்கிறது, எதை விட்டுச் செல்கிறது? தலைநகரில் கண்டவருக்கும் தொலைவிலுள்ள ஊரில் கண்டவருக்கும் ஒரே நாடகந்தான் கிடைக்கிறதா? மேலோட்டமாகப் பார்த்தால் இது பொழுதுபோக்கைப் பற்றிய சிறிய வினா. ஆனால், எளியோரின் துயரைப் பாடும் ஒரு நாடகத்தைக் குறித்து இவ்வினா எழும்போது, அது நீதியைப் பற்றிய வினாவாகவும் ஆகிவிடுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசராபிள்' என்னும் புதினத்திலிருந்து உருவான இசை நாடகத்தின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

கதை நமக்குப் புதிதன்று. கவியோகி சுத்தானந்த பாரதியார் இதனை 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். அதே பெயரில் 1950ஆம் ஆண்டு கே. ராம்நாத் இயக்கத்தில் பட்சிராஜா நிறுவனத்தார் திரைப்படமாக்கினர். சித்தூர் வி. நாகையா கைதியாக நடித்தார். அவரை விடாது துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அப்பாத்திரத்தின் பெயரே நிலைத்துவிட, அவர் இறுதிவரை 'ஜாவர்' சீதாராமனாகவே வாழ்ந்தார். ஒரு பிரெஞ்சுக் கதாபாத்திரம் தமிழரின் பெயரோடு இவ்வாறு ஒட்டிக்கொண்டதே இக்கதையின் ஆற்றலுக்குச் சான்று.

ஹ்யூகோவின் புதினம் 1862இல் வெளிவந்தது. ஒரு ரொட்டியைத் திருடியதற்காகச் சிறை சென்று, தப்ப முயன்றமையால் 19 ஆண்டுகளைச் சிறையில் கழித்த ழான் வால்ழான், விடுதலையான பின் எல்லாக் கதவுகளும் அடைக்கப்பட்டவனாய்த் தீஞ் நகர ஆயர் மிரியேலின் இல்லத்துக்கு வருகிறான். உணவும் படுக்கையும் தந்த அவ்வில்லத்தின் வெள்ளிப் பாத்திரங்களையே திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் அவனைப் பிடித்து இழுத்து வரும்போது, ஆயர் அவற்றைத் தாமே கொடுத்ததாகச் சொல்லி, இரண்டு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். அந்த ஒரு மன்னிப்பே கதை முழுவதற்கும் வேர். தீஞ் மறைமாவட்டத்தில் 1805 முதல் 1838 வரை ஆயராயிருந்த மியோல்லிஸ் என்பவரை முன்மாதிரியாகக் கொண்டே ஹ்யூகோ மிரியேலைப் படைத்தார். இத்தகைய ஆயரைப் படைத்துக் காட்டிய நூல் 1864 முதல் 1959 வரை திருச்சபையின் தடைநூற்பட்டியலில் இருந்தது என்பதும் வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இசை நாடகத்திற்கு வருவோம். இதன் 'மூல வடிவம்' எது என்னும் கேள்விக்கே எளிதில் விடை கிடைப்பதில்லை. பலரும் லண்டன் அரங்கேற்றத்தையே மூலம் என்கின்றனர். ஆனால் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1980 செப்டம்பரில், பாரிசின் விளையாட்டு மாளிகையில் ரொபேர் ஒசேன் இயக்கத்தில் இது மேடையேறியது. கதையையும் பாடல்களையும் ஆக்கியவர் அலேன் பூப்லீல். பாடலாக்கத்தில் அவருக்குத் துணைநின்றவர் ழான்-மார்க் நதேல். இசையமைத்தவர் குளோத்-மிஷேல் ஷோன்பெர்க். அந்தப் பாரிஸ் வடிவம் தொழிலாளரின் காட்சியோடு தொடங்கிற்று. ஆயரின் இல்லமும் வெள்ளி விளக்குத் தண்டுகளும் மேடையில் காட்டப்படவில்லை. பிரெஞ்சு மக்கள் கதையைப் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிந்தவர்கள் ஆதலால் அதற்குத் தேவை எழவில்லை.

1985 அக்டோபர் 8 அன்று லண்டனின் பார்பிக்கன் அரங்கில் ஆங்கில வடிவம் அரங்கேறியது. தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷ், ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவுடன் இணைந்து இதனை அளித்தார். ட்ரெவர் நன், ஜான் கேர்டு ஆகிய இருவரும் இயக்கினர். ஹெர்பர்ட் கிரெட்ஸ்மர் ஆங்கிலப் பாடல்களை எழுதினார். கதையை அறியாத மக்களுக்காக ஒரு முன்னுரைக் காட்சி வேண்டியிருந்தது. அதன் வழியாகத்தான் ஆயர் மேடைக்கு வந்தார். விமரிசகர் பலர் அன்று நாடகத்தைப் பழித்தனர். மக்களோ நுழைவுச்சீட்டுக்காக வரிசையில் நின்றனர். இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. முதலில் வந்த வடிவத்தில் இல்லாத இதயம், பின்னர் வந்த வடிவத்தில் கிடைத்தது. ஆகவே, முந்தியது என்பதனாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது; பிந்தியது என்பதனாலேயே ஒன்று தாழ்ந்ததும் ஆகாது. கதையின் பொருளை மக்களின் கண்முன் எவ்வளவு முழுமையாக ஒரு மேடை நிறுத்துகிறது என்பதே அளவுகோல்.

இந்த அளவுகோலைக் கொண்டு லண்டன் மேடையைப் பார்ப்போம். அரங்க வடிவமைப்பாளர் ஜான் நேப்பியர் மேடையின் நடுவே வட்டமான சுழல்மேடை ஒன்றை அமைத்தார். ஆண்டுகள் உருள்வதையும் ஊர்கள் மாறுவதையும் அச்சுழற்சியே காட்டியது. ஆனால் அதன் உண்மையான பணி, 1832ஆம் ஆண்டின் பாரிஸ் கிளர்ச்சியைக் காட்டும் பகுதியில்தான் விளங்கியது. மாணவர்கள் நாற்காலிகளையும் மேசைகளையும் உடைந்த வண்டிகளையும் குவித்துத் தடுப்பரண் எழுப்புகிறார்கள். நாம் அவர்கள் பக்கத்தில் இருக்கிறோம். தோட்டாக்கள் தீர்ந்துபோக, கவ்ரோஷ் என்னும் தெருச்சிறுவன், இறந்து கிடக்கும் படைவீரர்களிடமிருந்து தோட்டாக்களைச் சேகரிக்க அரணுக்கு அப்பால் நழுவுகிறான். அப்போது மேடை சுழல்கிறது. அரணின் மறுபுறம் நம்மை நோக்கித் திரும்புகிறது. வெற்றுத் தெருவில் தனியாக நிற்கும் குழந்தையையும், பாடிக்கொண்டே அவன் சுடப்பட்டு விழுவதையும் நாம் நேருக்கு நேர் காண்கிறோம். போர் முடிந்தபின் மேடை மீண்டும் சுழல்கிறது. மாணவர் தலைவன் ஆன்ழொல்ரா செங்கொடியின்மீது தலைகீழாய்ச் சாய்ந்து கிடப்பதை அப்போதுதான் பார்க்கிறோம்.

இது வெறும் வேடிக்கை அன்று. ஒரு பூசலில் நாம் எந்தப் பக்கம் நின்றாலும், அந்தப் பக்கத்திலிருந்து தெரிவதை மட்டுமே காண்கிறோம். மறுபுறம் யார் சாகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை; பல நேரங்களில் தெரிந்துகொள்ள நாம் விரும்புவதும் இல்லை. நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன குருவை நாம் அறிவோம். நேப்பியரின் சுழல்மேடை நம்மை அவ்வாறு விலகிப் போக விடுவதில்லை. நாம் இருக்கையில் அமர்ந்திருக்க, மறுபுறத்தை அது நம் முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த மேடையில் பொறியே பொருளாக நின்றது.

இனி, ஊர் ஊராகச் சென்ற வடிவங்களைப் பார்ப்போம். தொலைவூர்களுக்குச் செல்லும் நாடகம் குறைபட்டுத்தான் ஆகவேண்டும் என்று பலர் கருதுகின்றனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. அமெரிக்காவில் 1988இல் புறப்பட்ட மூன்றாவது சுற்றுப்பயணக் குழு 2006 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் தன் பயணத்தை முடிக்கும்வரை, 17 ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சுழல்மேடையோடுதான் நகரம் நகரமாகச் சென்றது. ஓர் ஊரில் இறுதிக் காட்சி முடிந்ததும் மேடையைப் பிரித்து லாரிகளில் ஏற்றி, அடுத்த ஊரில் மீண்டும் பொருத்தினார்கள். நியூயார்க் நகருக்கு ஒருநாளும் செல்ல இயலாத மக்கள், நியூயார்க் மக்கள் கண்டதையே கண்டார்கள். தொலைவு ஏற்றத்தாழ்வாக மாற வேண்டுவதில்லை என்பதற்கு இது செயல்வழிச் சான்று.

2009 டிசம்பரில், நாடகத்தின் 25ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரிலிருந்து புதிய சுற்றுப்பயணம் தொடங்கியது. இதனை லாரன்ஸ் கானர், ஜேம்ஸ் பவல் ஆகியோர் இயக்கினர். இசைக்கோவையும் திருத்தியமைக்கப்பட்டது. சுழல்மேடை நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, வடிவமைப்பாளர் மாட் கின்லி மேடையின் பின்புறத்தில் ஒளிப்படங்களை வீழ்த்திக் காட்சிகளை அமைத்தார். அப்படங்களுக்கு அடிப்படை ஹ்யூகோவே வரைந்த ஓவியங்கள். கதை எழுதிய கை, ஏறத்தாழ 4,000 ஓவியங்களையும் தீட்டியது என்பதைப் பலர் அறியார். மை படர்ந்த அந்த இருண்ட ஓவியங்கள் மேடைக்குப் பின்னே விரிந்தபோது ஹ்யூகோவின் அகவுலகமே மேடைக்கு வந்தது எனலாம். காயமுற்ற இளைஞனைச் சுமந்துகொண்டு பாரிசின் கழிவுநீர்ச் சுரங்கத்தில் வால்ழான் நடக்கும் காட்சி இவ்வடிவத்தில் புதிய ஆழம் பெற்றது. இந்த ஆதாயத்தை மறைப்பது நேர்மையாகாது.

ஆயினும் தடுப்பரண் இங்கே திரும்புவதில்லை. கவ்ரோஷ் மறுபுறம் இறங்கியதும் நம் கண்ணுக்கு மறைகிறான். அவன் குரலும் துப்பாக்கியின் ஓசையுமே நம்மை எட்டுகின்றன. இதற்கும் ஒரு நியாயம் சொல்லலாம்: அரணுக்குள் இருந்த மாணவர்களும் அவனைக் காணவில்லை, அவர்களது தவிப்பில் நாமும் பங்குகொள்கிறோம். அந்நியாயத்தை மதிக்கிறேன், ஏற்க இயலவில்லை. தவிப்பு நம்மை நம் பக்கத்து மனிதரோடு பிணைக்கிறது. காட்சியோ, கைவிடப்பட்டவனின் பக்கத்துக்கே நம்மைக் கொண்டு சேர்க்கிறது. ஹ்யூகோ இந்நூலை எழுதியது, சமுதாயம் பார்க்க மறுத்தவர்களைப் பார்க்கச் செய்வதற்காகவே. குழந்தை கண்மறைவில் சுடப்படும் மேடை, எவ்வளவு அழகியதாயினும், அந்த நோக்கத்தில் ஒரு படி இறங்கிவிடுகிறது.

செலவைக் கருத வேண்டாமா என்று கேட்கலாம். கருதத்தான் வேண்டும். சுழல்மேடையைச் சுமந்து செல்வது பெருஞ்செலவு. சிறிய அரங்குகளில் அதனைப் பொருத்துவதும் கடினம். குறைந்த பொருளோடு சென்றால்தான் ஓர் ஊர் நாடகத்தைக் காண முடியும் என்றால், செல்லாதிருப்பதைவிடக் குறைவோடு செல்வதே மேல். எளிமையை நான் குறை கூறவில்லை. ஆயரின் காட்சியையே பாருங்கள். அதற்கு ஒரு மேசையும் சில வெள்ளிப் பாத்திரங்களும் இரண்டு விளக்குத் தண்டுகளும் போதும். அவை ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கும். லண்டனில் அக்காட்சி எவ்வளவு நிறைவானதோ, உலகின் எந்தச் சிற்றூரிலும் அவ்வளவு நிறைவானதே. பகட்டு நீங்கினால் எதுவும் குறையாது. பொருளைத் தாங்கும் ஒன்று நீங்கினால் குறையும். இவ்விரண்டையும் பகுத்தறிவதே கலைஞனின் கடமை.

குறையை அறிந்து ஏற்பதற்கும், அதனையே முழுமை என்று அறிவிப்பதற்கும் வேறுபாடு உண்டு. 2010 செப்டம்பரில் புதிய வடிவம் லண்டனின் பார்பிக்கன் அரங்குக்கு வந்தபோது, குயின்ஸ் அரங்கில் பழைய வடிவமும் நடந்துகொண்டிருந்தது. ஒரே நகரில் இரண்டையும் கண்டு ஒப்பிடும் அரிய வாய்ப்பு அன்று மக்களுக்குக் கிடைத்தது. 2014இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குத் திரும்பியதும் புதிய வடிவமே. இறுதியாக, ஏறத்தாழ 34 ஆண்டுகள் நடந்த பழைய வடிவம் 2019 ஜூலையில் லண்டனில் நிறைவுற்றது. புதுப்பிக்கப்பட்டு சாண்ட்ஹைம் என்று பெயர் மாற்றப்பட்ட அதே அரங்கில், 2019 டிசம்பரில், சுற்றுப்பயணத்துக்காக ஆக்கப்பட்ட வடிவம் அதன் இடத்தில் அமர்ந்தது. நாடகத்தின் பெயர் மாறவில்லை; பாடல்களும் மாறவில்லை. புதிதாக வரும் ஒருவருக்கு ஏதோ ஒன்று நீங்கியது என்பதை அறிய வழியும் இல்லை.

இப்போது நம் வினாவுக்கு விடை காணலாம். சுற்றுப்பயண வடிவம் மூல மேடைக்கு ஈடானதா? இரக்கத்தைக் காட்டுவதில் ஈடானதே. ஓவிய அழகில் ஒருபடி மேலானதும்கூட. மறுபுறத்தைக் காட்டுவதில் மட்டும் ஈடாகவில்லை. தலைநகரில் வாழ்பவர் ஒரு நாடகத்தைப் பத்து முறை காணலாம். ஒன்றில் விட்டதை மற்றொன்றில் பெறலாம். தொலைவூரில், மாதக்கணக்கில் சேமித்த பணத்தில் சீட்டு வாங்கி வருபவர் வாழ்நாளில் ஒருமுறைதான் காண்கிறார். அவருக்குக் கொடுக்கப்படுவதில் எதைக் குறைக்கலாம் என்று முதலில் எண்ணுகிறோமா, எதைக் குறைக்கக் கூடாது என்று முதலில் எண்ணுகிறோமா என்பதில்தான் நாம் அவரை மதிக்கிறோமா என்பது தெரியும். மிரியேல் ஆயர் தம் இல்லத்துக்கு வந்த கைதிக்கு, எஞ்சிய பாத்திரத்திலன்று, விருந்தினருக்குரிய வெள்ளிப் பாத்திரத்திலேயே உணவளித்தார். அக்கதையை ஊர் ஊராகச் சுமந்து செல்வோருக்கு அதுவே போதுமான அறிவுரை.