விடை தராத பன்னிரண்டு கணக்குகள்

ஜப்பானிய முறையில் கணிதம் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது வேகம்தான். மணிச்சட்டத்தில் சிறுவிரல்கள் பறப்பதை வியக்கிறோம். அம்மரபின் தொடக்கத்தில் இருந்ததோ வேகமன்று, வினா.

'சொரோபான்' எனும் மணிச்சட்டம் சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்றது. அதன் பயன்பாட்டை எளிய மக்களுக்குக் கற்பித்த நூல், யோஷிதா மித்சுயோஷி 1627இல் வெளியிட்ட 'ஜின்கோகி'. 1592இல் வந்த ஒரு சீனக் கணித நூலே அதற்கு மூலம். ஆனால் யோஷிதா அரிசி விற்பனையையும் நாணய மாற்றையும் படங்களோடு கணக்காக்கினார். 'தெராகோயா' எனப்பட்ட திண்ணைப்பள்ளி போன்ற இடங்களில் எழுத்தோடு எண்ணும் பயின்ற காலம் அது.

அந்நூலின் எலிக்கணக்கு புகழ்பெற்றது. ஜனவரியில் ஓர் எலி இணை பன்னிரண்டு குட்டிகள் ஈனுகிறது, மொத்தம் 14. அடுத்த மாதம் ஒவ்வோர் இணையும் பன்னிரண்டு ஈன, 98. இப்படியே பெருகினால் ஆண்டிறுதியில் எத்தனை? 2768 கோடியே 25 லட்சத்து 74 ஆயிரத்து 402. மாதந்தோறும் ஏழு மடங்கு என்று கண்டுகொள்ளும் குழந்தை, பெருக்கலின் பேருருவத்தைத் தானே பார்த்துவிடுகிறது.

நூல் புகழடைந்ததும் போலிப் பதிப்புகள் மலிந்தன. அரைகுறை ஆசிரியர்களும் பெருகினர். 1641 பதிப்பில் யோஷிதா பன்னிரண்டு கணக்குகளை விடையின்றி அச்சிட்டார். கற்பிப்பவரின் தகுதியை மாணவர் அறிய அது உரைகல். 1653இல் விடைகளோடு ஒரு நூல் வந்தது. அதன் ஆசிரியரும் தம் பங்குக்கு விடையில்லா வினாக்களை விட்டுச்சென்றார். வினாவுக்கு விடை, விடையோடு மேலும் வினா என அம்மரபு தலைமுறைகளைக் கடந்தது. கோயில்களில் மரப்பலகைகளில் வடிவியல் கணக்குகளை எழுதிக் காணிக்கையாகத் தொங்கவிட்டார்கள்.

1872இல் மெய்ஜி அரசு பள்ளிகளுக்கு மேலைக் கணிதத்தை விதித்தபின் அந்த மரபு மங்கியது. சொரோபான் மட்டும் கணக்கிடும் கருவியாகப் பிழைத்துக்கொண்டது. 1946 நவம்பரில் டோக்கியோவில் நடந்த போட்டியில் அது அமெரிக்க மின்கணிப்பானை ஐந்துக்கு நான்கு சுற்றுகளில் வென்றது. உலகம் கைதட்டியது அந்த வேகத்துக்கே.

நாம் வாங்கிக்கொண்டதும் அதைத்தான். மணிச்சட்டம் வந்து சேர்ந்தது. ஆசிரியரையே சோதிக்கத் துணிந்த அந்தப் பன்னிரண்டு கணக்குகள் வரவில்லை. விடைகளை விரைந்து சொல்லும் பிள்ளைகளை நிறைய உருவாக்கிவிட்டோம். ஆசிரியருக்கே விடை தெரியாத ஒரு கணக்கை அவர்கள் முன் வைக்கும் துணிவு நம் வகுப்பறைகளுக்கு எப்போது வரும்?