காயலில் இறங்கிய குதிரை

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே காயல் என்றொரு துறைமுகம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ், கிஷ் தீவு, ஏடன் ஆகிய இடங்களிலிருந்து வந்த கப்பல்கள் அங்கே அரபுக் குதிரைகளை இறக்கின. மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலம் அது. தெற்கிலிருந்து பாண்டியன் தலைநகரான மதுரைக்கு எந்தத் தடத்தில் வந்தாலும் கடைசியில் நகரின் தென்வெளியைத் தொட்டாக வேண்டும். இன்று வில்லாபுரம், அவனியாபுரம் என வீடுகள் நெருங்கிக் கிடக்கும் அந்தச் சமவெளியில் பாலைவனத்துக் குதிரைகள் புழுதி கிளப்பி நடந்திருக்கும்.

விலையைக் கேட்டால் மலைப்பு வரும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்று எழுதுகிறார். கிஷ் தீவின் வியாபாரி ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் பணம் கொடுத்துவிட வேண்டும். விற்றவரின் சகோதரர் தகியுத்தீனே பாண்டியன் சபையில் அமைச்சராக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வியாபாரம் யார் பக்கம் சாய்ந்திருந்தது என்று தெரியும்.

இத்தனை பொன் கொடுத்து வாங்கிய குதிரை என்ன ஆனது? மார்க்கோ போலோ சொல்வது இது: அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அப்படியே. ஆண்டு முடிவில் நூறு கூடத் தேறுவதில்லை. குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் அடிப்பவர்கள் இல்லை. லாடக்காரர்களை வியாபாரிகள் அழைத்து வருவதில்லை. தாமாக வர நினைப்பவர்களையும் தடுத்துவிடுகிறார்கள். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு யாருக்கு விற்பது?

வஸ்ஸாஃப் லாயத்துக்குள்ளேயே போய்விடுகிறார். நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டிப்போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் தீனி, குடிக்கக் காய்ச்சிய பசும்பால். பிறகு பழக்காமலே படைவீரர்கள் ஏறி வெறித்தனமாக ஓட்டுகிறார்கள். சாட்டை தொடாமலே பறந்த குதிரை சாட்டைக்கும் அசையாமல் நின்றுவிடுகிறது. சொன்ன இருவரும் வெளியூர்க்காரர்கள். கொஞ்சம் மிகை இருக்கலாம். நம் வெயிலும் ஈரமும் தீவனமும் அந்த இனத்துக்கு ஒத்துவராததும் காரணமாக இருந்திருக்கும். ஆனால் ஒருவரையொருவர் அறியாத இருவரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்.

மதுரைக்கு இது புதுக் கதையும் அல்ல. குதிரை வாங்க முன்னொரு பாண்டியன் கொடுத்த பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்ததும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்ததும், இரவில் அவை மீண்டும் நரிகளாகி லாயத்துக் குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடியதும் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்படுகின்றன. புராணத்தில் ஓர் இரவில் நடந்தது, வியாபாரிகளின் கணக்கில் ஓராண்டில் நடந்தது.

அப்படியானால் இந்த மண்ணுக்கு விலங்கைப் பழக்கத் தெரியாதா? தைப் பொங்கலன்று அவனியாபுரம் வாடிவாசலில் வந்து நிற்கிற காளையைப் பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார். கண்மாயில் நீச்சல், அதிகாலை நடை, கொம்பால் மண் குத்தும் பழக்கம், பருத்திக்கொட்டையும் உளுந்தும் கலந்த தீனி என்று அந்தக் காளைக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கம் இருக்கிறது. காளை இந்த ஊரோடு வளர்ந்தது. அதை அறிந்த கையும் கூடவே வளர்ந்தது. குதிரையோ தனியாக வந்து இறங்கியது.

அதே இனம் பின்னொரு காலத்தில் வடமேற்காகப் போன கதையை இதனோடு வைத்துப் பார்க்கலாம். தாமஸ் டார்லி என்ற ஆங்கில வணிகர் அலெப்போவில் வாங்கிய குதிரை 1704இல் யார்க்ஷயர் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே கேப்டன் பையர்லியின் துருக்கிக் குதிரையும், பின்னர் கோடால்ஃபின் பிரபுவின் அரபுக் குதிரையும் இங்கிலாந்தில் இருந்தன. இன்று உலகில் ஓடும் ஒவ்வொரு தரோபிரெட் பந்தயக் குதிரையும் தந்தைவழியில் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் போய்ச் சேரும். பாண்டியனுக்கு ஆயிரக்கணக்கில் வந்தும் வம்சம் நிற்கவில்லை. அங்கே மூன்று பெயர்களிலிருந்து ஓர் இனமே எழுந்தது. குளிர்ந்த புல்வெளி உதவியது. பெட்டைகளின் வழியைப் பதிவேட்டில் எழுதி வைத்ததும் உதவியது. கூடவே ஒரு தொழில் பிறந்தது: பந்தயக் குதிரைப் பயிற்சியாளர்.

அந்தத் தொழிலுக்கும் தொடக்கம் கரடுமுரடுதான். கனத்த போர்வைகளைப் போர்த்தி வியர்க்க வியர்க்க ஓடவிடுவதும் பேதிக்குக் கொடுப்பதுமே 18ஆம் நூற்றாண்டின் பயிற்சி. நியூமார்க்கெட்டில் ராபர்ட் ராப்சன் அந்தக் கடுமையைக் குறைத்தார். அவர் லாயக் குதிரைகள் டெர்பியை மட்டும் 7 முறை வென்றன. யார்க்ஷயரின் மால்டனில் ஜான் ஸ்காட் 16 முறை செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றார். மூன்று பெரிய பந்தயங்களையும் சேர்த்து வெல்லும் மும்முடியை 1853இல் முதன்முதலாக வென்ற வெஸ்ட் ஆஸ்திரேலியன் அவர் பழக்கிய குதிரை. நம் காலத்தில் ஹென்றி செசில் 10 முறை ஆண்டின் முதலிடப் பயிற்சியாளர் ஆனார். பிறகு சரிந்து, 2005இல் ஆண்டு முழுக்க 12 வெற்றிதான். அந்தக் கைக்குத்தான் அடுத்து ஃபிராங்கெல் என்ற குதிரை வந்தது: 14 பந்தயம், 14 வெற்றி. 2013இல் செசில் இறந்தார்.

அங்கேயும் கை ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையதாக இருந்த காலம் உண்டு. பந்தயங்களை நிர்வகித்த ஜாக்கி கிளப் பெண்களுக்குப் பயிற்சியாளர் உரிமம் தராது. ஃப்ளோரன்ஸ் நேகிள் குதிரைகளைப் பழக்குவார். உரிமத்தில் அவரிடம் வேலைபார்த்த தலைமை லாயக்காரரின் பெயர் இருக்கும். நேகிள் வழக்குப் போட்ட பிறகு 1966இல்தான் கிளப் இறங்கிவந்தது.

இப்படிப் பதமான குதிரை பிரிட்டிஷாரோடு மறுபடி தமிழ்நாட்டுக்கு வந்தது. கிண்டியில் பந்தயம் 1777 அளவில் தொடங்கியதாகச் சொல்வார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் உருவானது. இந்த முறை குதிரை தனியாக வரவில்லை. டிரெய்னர், ஜாக்கி, லாடக்காரர், கால்நடை மருத்துவர் என ஒரு கூட்டமே சேர்ந்து வந்தது. இருட்டோடு எழுந்து தேய்த்துவிட்டு, தீனி வைத்து, காலைத் தடவிச் சூடு பார்க்கிற சைஸ்கள் எனும் குதிரைப் பராமரிப்பாளர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஒரு குதிரை இன்று நொண்டப் போகிறது என்பதை முதலில் அறிவது பெரும்பாலும் அவர்கள் விரல்கள்தான்.

சூதாட்டம் என்று சொல்லி 1974இல் தமிழ்நாடு அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் இது திறமையின் ஆட்டம் என்று தீர்ப்பானது. அதற்கு நீதிபதிகள் எடுத்துக்கொண்ட காரணங்களில் ஒன்று, குதிரையின் ஆற்றல் பயிற்சியால் வருவது என்பது. அன்று பந்தயத்தைக் காப்பாற்றிய வாதத்தின் உயிர் லாயத்தில் இருந்தது.

2024 செப்டம்பரில் கிண்டிப் பந்தயத் திடல் நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தது. 160 ஏக்கர், 1945இல் போட்ட 99 ஆண்டு ஒப்பந்தம், பல ஆண்டுகளாகப் பாக்கி என்று சொல்லப்பட்ட வாடகை எல்லாம் செய்தியில் வந்தன. நிலம் மக்களுக்குத் திரும்புவது சரியே. ஆனாலும் காயலில் ஏமாந்தவர்கள் நாம் என்பதால் ஒன்றைச் சேர்த்து எண்ணலாம். பாண்டியனின் கணக்கில் குதிரையின் விலை பைசா சுத்தமாக இருந்தது. அதைப் பழக்கும் கைக்கு ஒரு வரியும் இல்லை, ஆண்டுதோறும் லாயம் காலியானது. கிண்டியில் இருநூறு ஆண்டில் அந்தக் கைகள் உருவாயின. போலீஸ் குதிரைப்படைக்கும் குதிரையேற்றப் பள்ளிகளுக்கும் கால்நடை மருத்துவமனைகளுக்கும் அவை தேவைப்படும். ஏக்கரோடு அவற்றையும் கணக்கில் எழுதினால், அடுத்த தலைமுறை அந்த அறிவை மறுபடி வெளியூரில் விலைக்குத் தேட வேண்டியிராது.