இடமா, வலமா? சிறுநீரக ரத்த ஓட்டத்தை அளந்த கதை

1934ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற நோயியல் மருத்துவர், நாய்களின் சிறுநீரகத் தமனிகளில் வெள்ளியாலான சிறு கவ்வியைப் பொருத்திச் சற்றே இறுக்கினார். தமனி முழுக்க அடைபடவில்லை, ஓட்டம் மட்டும் குறைந்தது. நாய்களுக்கு ரத்த அழுத்தம் எகிறியது. உயர் ரத்த அழுத்தம் எதனால் வருகிறது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்த மருத்துவ உலகம் இந்தச் சேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ரத்தம் சரியாகப் போகாத ஒரு சிறுநீரகம்தான் வினை என்றால், அதை எடுத்துவிட்டால் தீர்ந்ததே!

அடுத்த இருபது ஆண்டுகளில் பல நூறு பேர் அப்படி ஒரு சிறுநீரகத்தை இழந்தார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஹோமர் ஸ்மித் 1956இல் அந்த அறுவைச் சிகிச்சைகளைத் தொகுத்துக் கணக்குப் பார்த்தார். 575 பேரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் பலன் கிடைத்திருந்தது. மற்றவர்களுக்குச் சிறுநீரகமும் போயிற்று, அழுத்தமும் இறங்கவில்லை.

அந்தக் கணக்கைச் சொல்ல ஸ்மித்தைவிடத் தகுந்தவர் இல்லை. மனித சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை அளக்கும் முறையை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் அவர்தான். பாரா அமினோ ஹிப்யூரேட் என்ற வேதிப்பொருள் ரத்தத்தோடு சிறுநீரகத்துக்குள் ஒருமுறை போய் வருவதற்குள் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் இறங்கிவிடும். நிமிடத்துக்கு எவ்வளவு இறங்கியது, ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்ற இரண்டும் தெரிந்தால் வகுத்துப் பார்த்து ஓட்டத்தைச் சொல்லிவிடலாம். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் வரும். இரண்டும் சேர்ந்து 300 கிராம் அளவே எடையுள்ள உறுப்புகளுக்கு, இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு!

ஆனால் பரிசோதனை நோயாளியைப் பாடாய்ப் படுத்தியது. கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், சிறுநீர்ப்பையில் குழாய், நேரம் குறித்துச் சிறுநீர் சேகரிப்பு, நடுநடுவே ரத்தம் எடுப்பது. இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது ஒரே ஓர் எண். இரு சிறுநீரகங்களின் சிறுநீரும் பையில் கலந்துவிடுவதால் இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரித்தே ஆகவேண்டும் என்றால் உள்நோக்கியை விட்டு, இரு சிறுநீர்க் குழாய்களுக்குள்ளும் தனித்தனியே டியூப் செலுத்த வேண்டும். எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய அறுவை மருத்துவருக்கோ அந்தப் பிரிவினைதான் தேவைப்பட்டது.

ஸ்மித்தின் கணக்கு வெளியான அதே 1956இல் லாஸ் ஏஞ்சலசிலிருந்து ஒரு விடை வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் டாப்ளினும் செஸ்டர் வின்டரும், எக்ஸ்ரே படத்துக்குப் பயன்பட்ட டயோட்ராஸ்ட் மருந்தில் கதிரியக்க அயோடின்-131ஐ ஏற்றி ஊசியில் செலுத்தினார்கள். முதுகுப்புறம் சிறுநீரகத்துக்கு ஒன்றாக இரண்டு கதிர் உணர்விகள். ஒவ்வொன்றும் ஓடும் காகிதத்தில் ஒரு கோடு வரைந்தது. ஊசி போட்ட சில விநாடிகளில் கோடு விருட்டென்று எழும்பும்: ரத்தம் வந்து சேர்ந்துவிட்டது. பிறகு சில நிமிடங்கள் நிதானமாக ஏறும்: சிறுநீரகம் மருந்தை உறிஞ்சுகிறது. உச்சியைத் தொட்டதும் சரியும்: சிறுநீர் கீழே இறங்குகிறது. தமனி சுருங்கியிருந்தால் கோடு தாழ்ந்து, தாமதமாக ஏறும். சிறுநீர் இறங்கும் பாதையில் அடைப்பு இருந்தால் ஏறிய கோடு இறங்காது. ரீனோகிராம் என்று பெயர் வைத்தார்கள்.

குறைகளும் இருந்தன. டயோட்ராஸ்ட்டைக் கல்லீரலும் உறிஞ்சியது. வலது சிறுநீரகம் கல்லீரலுக்கு அடியில் இருப்பதால் அந்தப் பக்கத்துக் கணக்கு கெட்டது. 1960இல் ஸ்மித்தின் ஹிப்யூரேட்டுக்கு நெருங்கிய உறவான ஹிப்யூரான் அயோடினோடு வந்து இதைச் சரிசெய்தது. ஆனால் உணர்வியைக் கொஞ்சம் விலக்கி வைத்துவிட்டால் நல்ல சிறுநீரகமும் நோயுற்றதாகத் தெரியும். பெர்க்லியில் ஹால் ஆங்கர் 1957இல் உருவாக்கிய காமா கேமராதான், இரு சிறுநீரகங்களையும் ஒரே படத்தில் காட்டி அந்தத் தொல்லையை ஒழித்தது.

கேமராவுக்கு ஏற்ற தீனி டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள். அரை ஆயுள் 6 மணி நேரம். அயோடின்-131க்கோ 8 நாள். புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம் 1950களின் இறுதியில் உருவாக்கிய ஜெனரேட்டரில் மாலிப்டினம் இருக்கும். அது சிதையச் சிதைய டெக்னீசியம் ஊறும். காலையில் உப்புநீரை விட்டு அதைப் பிரித்தெடுப்பார்கள். அணு மருத்துவக் கூடங்களில் அந்தப் பெட்டிக்குப் பசு என்றே பெயர், எடுப்பதற்குக் கறப்பது என்று பெயர். கறந்ததை டிடிபிஏ மருந்தோடு சேர்ப்பது 1970 முதல் வழக்கத்துக்கு வந்தது. ஹிப்யூரானைப் போல வேகமாக வெளியேறும் மேக்-3 மருந்தை ஆலன் ஃபிரிட்ஸ்பெர்க்கின் யூட்டா குழு 1986இல் அறிவித்தது.

ஒரு நுட்பம் கவனிக்க வேண்டியது. டிடிபிஏ ரத்தத்திலிருந்து வடிவதை அளக்கிறது, ஒரு சுற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் வடியும். மேக்-3 கூடுதலாக இறங்கினாலும் முழுதாக இறங்காது. எனவே ஓட்டத்தை நேரே காட்டுவது முதல் நிமிடத்தில் விநாடிக்கொன்றாக எடுக்கும் படங்கள்தான். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு இது பெரிய உதவி. படத்தில் ரத்தம் நன்றாகப் பாய்ந்தும் சிறுநீர் இறங்கவில்லை என்றால், சிறுநீரகத்தின் நுண்குழல்கள் தற்காலிகமாகச் சேதப்பட்டிருக்கலாம், பெரும்பாலும் தேறிவிடும். ரத்தமே பாயவில்லை என்றால் தமனி அடைத்திருக்கலாம், மருத்துவர்கள் ஓட வேண்டியதுதான்.

உயர் ரத்த அழுத்தத்துக்குச் சுருங்கிய சிறுநீரகத் தமனிதான் காரணமா என்ற கோல்ட்பிளாட் காலத்துக் கேள்விக்கு 1980களில் புதுச் சோதனை ஒன்று கிடைத்தது. கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை கொடுத்து ஸ்கேன் எடுத்தால், தமனி சுருங்கிய சிறுநீரகத்தின் வடிதிறன் சட்டென்று விழுந்து காட்டிக்கொடுக்கும். சில காலம் மவுசு இருந்தது. ஆனால் 900க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த கோரல் ஆய்வு 2014இல் வெளியானபோது, சுருங்கிய தமனிக்குள் ஸ்டென்ட் வைப்பதும் மருந்து மட்டும் கொடுப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்தது. அந்தச் சோதனைக்கான தேவையும் சுருங்கியது.

ரீனல் ஸ்கேன் எனப்படும் இந்தச் சிறுநீரகப் படச் சோதனை அதனால் வேலையிழக்கவில்லை. சிறுநீரக தானம் செய்ய முன்வருபவரின் இரு சிறுநீரகங்களும் எவ்வளவு பங்கு உழைக்கின்றன என்பதைப் பல மருத்துவமனைகளில் இதை வைத்தே சொல்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் வழக்கமாக இடதுதான் எடுக்கப்படும், அதன் சிரை நீளமானது என்பதால் பொருத்துவது எளிது. வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வசதியைப் பார்ப்பதில்லை. எது குறைவாக உழைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, நல்லதைக் கொடுப்பவரிடமே விட்டுவிடுகிறார்கள்.