பதக்கமும் கிண்ணமும்

இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் ‘ஒயிட் சிட்டி’ என்னும் விளையாட்டரங்கம் இருந்தது. 1908ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை நடத்தவிருந்த உரோமை நகர் பின்வாங்கவே, பொறுப்பு இலண்டனுக்கு வந்தது. பொருட்காட்சி ஒன்றிற்கென எழுந்த வெண்ணிறக் கட்டடங்களின் அருகில், ஏறத்தாழ 68,000 பேர் கொள்ளும் அரங்கம் கட்டப்பட்டது. ஓடுபாதை, மிதிவண்டிப் பாதை, நீச்சல் குளம் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கின.

அவ்வாண்டு ஜூலை 24 அன்று விண்ட்சர் அரண்மனையில் தொடங்கிய மாரத்தான் ஓட்டம் இங்கு வந்து முடிந்தது. முதலில் உள்ளே நுழைந்தவர் டொராண்டோ பியெட்ரி என்னும் இத்தாலியர். இனிப்புக் கடையில் பணிபுரிந்த எளியவர். களைப்பு மிகுதியால் திசை தவறித் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். அலுவலர்கள் ஓடிவந்து தூக்கி நிறுத்தினர். அவ்வாறே எல்லைக்கோட்டைக் கடந்தார். ஆயினும், பிறர் உதவி பெற்றார் என்பதால் அவரது வெற்றி செல்லாது போயிற்று. துணையின்றி ஓடி அடுத்து வந்த அமெரிக்கர் ஜானி ஹேய்ஸ் தங்கப் பதக்கம் பெற்றார். மறுநாள் அலெக்சாந்திரா அரசியார், பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணமொன்றைப் பியெட்ரிக்கு வழங்கினார்.

தீர்ப்பு இரக்கமற்றதா? அன்று. ஹேய்ஸ் சிந்திய வியர்வைக்கும் மதிப்பு வேண்டுமல்லவா? நீதி பதக்கத்தை உரியவருக்குக் கொடுத்தது. இரக்கம் விழுந்தவருக்குக் கிண்ணம் கொடுத்தது. கிண்ணம் தீர்ப்பை மாற்றவில்லை. தீர்ப்பு கிண்ணத்தைத் தடுக்கவுமில்லை.

இதற்கு ஐந்து நாள் முன்னர், இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் பென்சில்வேனியாவின் ஆங்கிலிக்கன் ஆயர் டால்பட் மறையுரையாற்றினார். பரிசைவிடப் பந்தயமே மேலானது என்பது அவர் உரையின் சாரம். ஒலிம்பிக் இயக்கத்தை மீண்டும் தோற்றுவித்த கூபெர்த்தின் அக்கருத்தை எடுத்துரைக்க, அது உலகெங்கும் பரவியது.

பின்னாளில் அரங்கம் பல வேடம் பூண்டது. 1927 முதல் வேட்டை நாய்ப் பந்தயங்கள் நடந்தன. 1934இல் பிரித்தானியப் பேரரசு விளையாட்டுகளும், 1966இல் உலகக் கோப்பைக் கால்பந்தின் ஓர் ஆட்டமும் நடைபெற்றன. 1985இல் அரங்கம் இடிக்கப்பட்டது. அங்கே பி.பி.சி. நிறுவனத்தின் கட்டடங்கள் எழுந்தன. ஆனால், அன்று ஓடிய 42.195 கிலோமீட்டர் தூரமே 1921இல் மாரத்தானுக்குரிய அளவாக நிலைபெற்றது. உலகின் எம்மூலையில் மாரத்தான் நடந்தாலும், இடிந்துபோன அந்த அரங்கின் அளவையே ஓடிக் கடக்கின்றனர்.

பங்குப் பணியில் இந்நிகழ்ச்சி அடிக்கடி என் நினைவுக்கு வருகிறது. திருச்சபையின் ஒழுங்கை முன்னிட்டு, “இயலாது” என்று நான் சொல்ல நேர்ந்த மணமக்களும் பெற்றோரும் உண்டு. சொன்னது சரியே. தலைகுனிந்து படியிறங்கிச் சென்ற அவர்களின் வீட்டிற்கு, மறுநாள் கிண்ணம் ஏந்திச் சென்றேனா? எல்லா வேளைகளிலும் இல்லை என்பதே என் மனச்சான்றின் பதில்.