கை சரியாச்சு, வாழ்க்கை? கொல்லிமலையில் இருந்து ஒரு நீண்ட இழை

1/
கொல்லிமலைன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி, மிளகு, பலாப்பழம். டாக்டர்களுக்கு இன்னொரு விஷயமும் ஞாபகம் வரணும். ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ் தவிர மூணாவதா ஒருத்தர் ஏன் வேணும்கிற கேள்விக்கு ரொம்பத் தெளிவான ஒரு பதில், இந்த மலையில் வளர்ந்த ஒருத்தர் வழியா நமக்குக் கிடைச்சது.

2/
அந்த மூணாவது ஆள் மருத்துவ சமூகப் பணியாளர், கவுன்சிலர். எம்.எஸ்.டபிள்யூ., கவுன்சிலிங் சைக்காலஜி படிக்கிற பசங்க நோட்டும் பேனாவுமா வார்டுல நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. "இவங்க எதுக்கு இங்க?"ன்னு நோயாளி கேட்பார், சில சமயம் டாக்டரே கேட்பார். இவங்களுக்கான பயிற்சி எப்படி உருவாச்சு, அது ஏன் இன்னும் சரியா மலை ஏறலைங்கிறதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். ஒரு டீ எடுத்துக்கிட்டு வாங்க.

3/
1913. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின்னு ஒரு இங்கிலாந்துத் தம்பதி கொல்லிமலையில் குடியேறினாங்க. மதம் பரப்ப வந்த மிஷனரிகள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஜெஸ்ஸி முழு டாக்டரும் கிடையாது. லண்டன்ல அடிப்படை மருத்துவப் பயிற்சி மட்டும் எடுத்தவர். அப்போ மலைக்கு ரோடு கிடையாது. நடந்து ஏறணும், இல்லைன்னா டோலி. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழே இருக்கிறவங்க மேல போய்த் தங்கவே மாட்டாங்க.

4/
அங்கே அவர் பார்த்த நோய்கள்ல ஒண்ணு நரம்புச் சிலந்தி. கால்ல கொப்புளம் வெடிச்சு, அதுக்குள்ள இருந்து நீளமா ஒரு புழு வெளியே வரும். அதை ஒரு குச்சியில் சுத்திச் சுத்தி, அறுந்துடாம நாள்கணக்கா இழுக்கணும். ஜெஸ்ஸி இழுத்து எடுத்தார். ஆனா அடுத்த வருஷமும் அதே ஆள் அதே புழுவோட வந்தா என்ன செய்யறது? நோய் இருந்தது கால்ல இல்லை, தண்ணீர்ல. அதனால கிணறு வெட்ட ஆரம்பிச்சார்.

5/
இந்தியாவில் நரம்புச் சிலந்தி 2000-ல் ஒழிஞ்சதா உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் தடுப்பூசியும் இல்லை, கொல்ற மருந்தும் இல்லை. படிக்கிணறுகளை மாத்தினது, தண்ணியைத் துணியில் வடிகட்டச் சொன்னது, வீடு வீடாப் போய் நோயாளியைக் கண்டுபிடிச்சது. இவ்வளவுதான். வீட்டுக்குப் போகத் தெரிஞ்ச ஆட்களால ஒழிஞ்ச நோய் இது.

6/
அடுத்து 1918-19 ஃப்ளூ, நாம கொரோனாவோட ஒப்பிட்டுப் பேசினோமே, அதே ஃப்ளூதான். மலையில் யாருக்காவது காய்ச்சல் வந்தா பக்கத்து வீட்டுக்காரங்க கூட கிட்ட போகலை. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி வீடு வீடா எடுத்துக்கிட்டுப் போனாங்க. மருந்துன்னு கொடுக்க அவங்ககிட்ட எதுவும் இல்லை. நீரிழப்புலயும், கவனிக்க ஆள் இல்லாமலும் சாகிறவங்களுக்கு அந்தக் கஞ்சிதான் சிகிச்சை.

7/
இவங்களை எதிர்த்துக்கிட்டு இருந்த உள்ளூர்ப் பூசாரி ஒருத்தரும் அதே காய்ச்சல்ல விழுந்தார். சாகிற நேரத்துல தன் கைக்குழந்தையை இவங்ககிட்டயே ஒப்படைச்சார். அத்தனை வருஷம் ஒதுங்கி நின்ன மலை மக்கள் அதுக்கப்புறம்தான் இவங்களை நம்ப ஆரம்பிச்சாங்க. கேஸ் ஷீட்ல எழுத முடியாத ஒண்ணு அந்த வீட்டுக்குள்ள நடந்தது.

8/
1929-ல் ஜெஸ்ஸி மலேரியாவோட கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சல்ல இறந்தார். வயசு 44. ஈவ்லின் 70 வயசை நெருங்கும்போது மிஷன் ஓய்வு கொடுத்தது. அதை விட்டு விலகி, தானாகவே மறுபடியும் மலைக்குத் திரும்பினாங்க. 1974-ல் 95 வயசில் இறக்கிற வரைக்கும் மலை மக்களோடதான் வாழ்க்கை. ரெண்டு பேர் கல்லறையும் கொல்லிமலையில்தான் இருக்கு.

9/
இப்போ முக்கியமான ஆளுக்கு வருவோம். இவங்க மகன் பால் பிராண்ட், 1914-ல் பிறந்து, 9 வயசு வரைக்கும் கொல்லிமலையில் வளர்ந்தவர். லண்டன்ல முதல்ல கட்டட வேலை கத்துக்கிட்டு, அப்புறம் மருத்துவம் படிச்சு, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை சிகிச்சை நிபுணரா வந்தார். தொழுநோயால மடங்கிப் போன விரல்களை, வேலை செய்யற தசையோட தசைநாணை எடுத்து மாத்தித் தச்சு, நிமிர்த்திக் காட்டினார். உலகமே வேலூரைத் திரும்பிப் பார்த்தது.

10/
கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா கை சரியாகிப் போன நோயாளிகள் சிலர் திரும்பி வந்தாங்க. என்ன பிரச்சினை? "இது பிச்சை எடுக்க லாயக்கில்லாத கை"ங்கிற அர்த்தத்துல முறையிட்டாங்க. மடங்கின கையை நீட்டினா காசு விழுந்தது. நிமிர்ந்த கையை நீட்டினா யாரும் போடலை. வேலை கேட்டா, உடம்புல தழும்பு இருக்குன்னு வேலையும் தரலை, தங்க வீடும் தரலை. ஆபரேஷன் சக்சஸ், பேஷண்ட் நடுத்தெருவில்.

11/
பால் பிராண்ட் அப்போ என்ன செஞ்சார் பாருங்க. 1950-களின் தொடக்கத்தில் சி.எம்.சி. வளாகத்திலேயே புதுவாழ்வு மையம்னு ஒண்ணு வந்தது. குடிசைகள், நடுவுல ஒரு பட்டறை. வலி தெரியாத கைக்குக் காயம் வராத மாதிரி பிடிபோட்ட உளி, சுத்தியல். தச்சு வேலை, மரப்பொம்மை செய்யற வேலை. அவர் அப்பாவும் மலையில் தச்சு வேலை கத்துக்கொடுத்தவர்தான். சிகிச்சை எங்க முடியுது? தையல் பிரிக்கிற அன்னைக்கா, நோயாளி தன் சம்பாத்தியத்துல சாப்பிடற அன்னைக்கா? வேலூர் சொன்ன பதில் ரெண்டாவது.

12/
இதே கேள்வி பாஸ்டன்ல 1905-லயே எழுந்தது. மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் கேபட்னு ஒரு டாக்டர். ஓ.பி.யில் "நல்லா ஓய்வு எடுங்க, பால், முட்டை சாப்பிடுங்க"ன்னு காசநோயாளிகளுக்கு எழுதிக் கொடுத்துக்கிட்டு இருந்தார். வீட்டில் பாலும் இல்லை, ஓய்வெடுக்க இடமும் இல்லைன்னு அவருக்கு உறைச்சது. ஒரு நர்ஸை சமூகப் பணிக்குன்னே நியமிச்சார். வராந்தா மூலையில் ஒரு மேசை, அவ்வளவுதான் டிபார்ட்மென்ட்.

13/
முதல்ல வந்த நர்ஸ் சில மாசத்துலயே காசநோயால விலக வேண்டியதாச்சு. அடுத்து வந்தவர் ஐடா கேனன். பல வருஷம் அந்தத் துறையை நடத்தினார். இங்கதான் நம்ம விஷயம் ஆரம்பிக்குது. நல்ல மனசு மட்டும் போதாது, இதுக்குன்னு படிப்பு வேணும், அந்தப் படிப்பு நோயாளிகளுக்கு நடுவுல நடக்கணும்னு புரிஞ்சுக்கிட்டவர் அவர். வராந்தா மேசை வகுப்பறையாகவும் ஆச்சு. அனுபவசாலி ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து, மாணவி எழுதின குறிப்பைப் படிச்சு, "இந்தக் கேள்வியை ஏன் கேட்கலை?"ன்னு திருத்தற முறை. இன்னைக்கு உலகம் முழுக்க ஃபீல்டு ஒர்க் சூப்பர்விஷன்னு சொல்றது இதைத்தான்.

14/
இந்தியாவுக்கு வருவோம். பம்பாயில் 1920-களில் கிளிஃபர்ட் மேன்ஷார்ட், ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த நாக்பாடாவில் ஒரு சமூக மையம் தொடங்கினார். அப்புறம் 1936-ல், இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி அவர் தலைமையில் வந்தது. இன்னைக்கு டிஸ்ஸுன்னு சொல்றோமே, டாடா சமூக அறிவியல் நிறுவனம், அதுதான். வரிசையைக் கவனிச்சீங்களா? களம் முதல்ல, கல்லூரி அப்புறம். அடுத்த வருஷமே, 1937-ல், குழந்தைகள் மனநல வழிகாட்டல் கிளினிக்கும் ஆரம்பிச்சாங்க. மாணவர்கள் கத்துக்க இடம் வேணுமே!

15/
1946-ல் போர் கமிட்டி அறிக்கை ஆஸ்பத்திரிகளுக்குப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வேணும்னு சொன்னது. அதே வருஷம் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் வேலைக்குச் சேர்ந்தார். 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது. பெங்களூரில் இப்போ நிம்ஹான்ஸ்னு சொல்ற நிறுவனத்தில் 1968-ல் மனநல சமூகப்பணிக்குன்னே தனிப் படிப்பு வந்தது, பின்னாடி எம்.ஃபில். ஆச்சு. அதில் ரெண்டு வருஷமும் முழுநேரம் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கணும், நம்ம பி.ஜி. மாதிரி.

16/
கவுன்சிலர்ங்கிற வார்த்தை நம்ம அரசு ஆஸ்பத்திரிகளில் பரவலானது எச்.ஐ.வி. காலத்துலதான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் முதல் பாதிப்பைக் கண்டுபிடிச்சது. மருந்து கைக்கு எட்டாத அந்த வருஷங்கள்ல, டெஸ்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் உட்கார்ந்து பேசறதுதான் பாதி வைத்தியம். கொல்லிமலை அடிவாரத்து நாமக்கல் லாரி ஊர். அந்த மாவட்டத்துக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். கணவருக்கு எப்படிச் சொல்றது, பொண்டாட்டியை எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு எந்த எம்.பி.பி.எஸ். புத்தகத்துலயும் அப்போ பாடம் இல்லை.

17/
சரி, இன்னைக்கு நிலைமை? எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களுக்கு வழக்கமா வாரம் 2 நாள் களப்பணி. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி, மனநல மையம், தொண்டு நிறுவனம்னு போவாங்க. மலைன்னா? பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் கிராம முகாம். பள்ளிக்கூடத்துல தங்கி, தெருநாடகம் போட்டு, பேரணி நடத்தி, சர்வே எடுத்து, குரூப் போட்டோவோட இறங்கிடுவாங்க. முகாமைக் குறை சொல்லலைங்க, அது ஒரு அறிமுகம். ஆனா அறிமுகத்தை மருத்துவப் பயிற்சின்னு கணக்கு எழுதக் கூடாது.

18/
ஏன்னா மலையில் கேள்விகளே வேற. காசநோய் மாத்திரையை மூணாவது மாசம் நிறுத்தினவர் சோம்பேறி இல்லை, மரவள்ளி வெட்டவோ எஸ்டேட் வேலைக்கோ வெளியூர் போயிருக்கலாம். 17 வயசு கர்ப்பிணி பி.எச்.சி.க்கு வராததுக்குக் காரணம் அறியாமையா, கேஸ் ஆகிடும்கிற பயமா? பூசாரிகிட்ட மந்திரிச்சுட்டுத்தான் மனநல மாத்திரை எடுப்பேன்னு சொல்ற குடும்பத்தை விரட்டறதா, சேர்ந்து நடக்கறதா? இதையெல்லாம் பத்து நாள்ல கத்துக்க முடியாது. மூணு நாலு மாசம் ஒரே குடும்பத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கணும்.

19/
அப்போ பசங்களை மொத்தமா மலைக்கு அனுப்பிடலாமா? கூடாது. இந்த நூறு வருஷ வரலாறு சொல்ற ஒரே பாடம் இதுதான்: மாணவர் போற இடத்துல கத்துக்கொடுக்க ஆள் முதல்ல இருக்கணும். பாஸ்டன்ல ஐடா கேனன் இருந்தார். பம்பாயில் நாக்பாடா மையம் இருந்தது. ஆசான் இல்லாத இடத்துல மாணவர் என்ன ஆவார்? ஓ.பி. சீட்டு எழுதுவார், டோக்கன் கொடுப்பார், ரெஜிஸ்டர் நிரப்புவார். சம்பளம் இல்லாத கிளார்க். இன்னும் மோசம், 22 வயசுப் பிள்ளை, தற்கொலைக்கு முயற்சி பண்ணி வந்த ஒருத்தர் முன்னாடி தனியா உட்கார்ந்திருக்கும். அது அந்தப் பிள்ளைக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து.

20/
வழி இல்லாம இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதல்ல வந்தது 1997-ல், கொல்லிமலைக்குப் பக்கத்துத் திருச்சியில். அந்தத் திட்டக் குழுவில் மனநல டாக்டரோட சமூகப் பணியாளருக்கும் இடம் உண்டு. 2022-ல் நாமக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. மலை மேல அரசு மருத்துவ நிலையங்கள் இருக்கு. மலையில் தங்கி வேலை செய்யற ஒரு சீனியர் சமூகப் பணியாளர், அவர்கிட்ட ஒரு நேரத்துல 3 அல்லது 4 மாணவர்கள், தங்க அறை, வாரம் ஒருநாள் மருத்துவக் கல்லூரி மனநலத் துறையோட கேஸ் விவாதம். செலவுன்னு பார்த்தா ஒரு ஸ்கேன் மெஷின் விலையில் பல வருஷம் ஓடும்.

21/
இதை இப்போ பேசறதுக்குக் காரணம் இருக்கு. மருத்துவ சமூகப் பணியாளர், மனநல சமூகப் பணியாளர், எச்.ஐ.வி. கவுன்சிலர் எல்லாரையும் சுகாதாரத் தொழில் வல்லுநர்கள்னு 2021-ல் நாடாளுமன்றச் சட்டமே ஏத்துக்கிச்சு. இன்னொரு பக்கம் புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில். படிப்பையே எடுத்துட்டது. மனநல சமூகப்பணி எம்.ஃபில்.க்கு 2025-26 வரைக்கும்தான் சேர்க்கை நீட்டிப்பு கொடுத்தாங்க. ரெண்டு வருஷம் வார்டுலயே கிடந்து கத்துக்கிற முறைக்குப் பதிலா எது வரும்? பேப்பர்ல மணிக்கணக்கா, கூட உட்கார ஒரு ஆசானா? இதைத் தீர்மானிக்கிற நேரம் இதுதான்.

22/
எம்.எஸ்.டபிள்யூ., கவுன்சிலிங் படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு: பயிற்சிக்கு இடம் தேடும்போது ஆஸ்பத்திரி பேரைப் பார்க்காதீங்க. "என் குறிப்பைப் படிச்சுத் திருத்தப் போறது யாரு, வாரத்துக்கு எவ்வளவு நேரம்?"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா வேற இடம் பாருங்க.
டாக்டர் நண்பர்களுக்கு: ரவுண்ட்ஸ்ல அந்தப் பிள்ளைங்க நின்னா, "இந்த அம்மா வீட்டில் யார் சமைக்கிறாங்க, கேட்டியா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. உங்க டிஸ்சார்ஜ் பிளானே மாறும்.

23/
விரலை நிமிர்த்த ஒரு நல்ல சர்ஜன் போதும். நிமிர்ந்த கைக்கு வேலையும் வீடும் கிடைக்கிற வரைக்கும் கூட நடக்க வேற ஒரு படிப்பு வேணும். அந்தப் படிப்பு மலையிலும் நடக்கணும். மலையில் வேலை பார்க்கிற செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க அனுபவத்தைக் கீழே எழுதுங்க. நான் எழுதினதை விட அது பயனுள்ளதா இருக்கும்.