திருமுழுக்கும் கீழ்ப்படிதலும்: புதுவைக் கரையில் எழுந்த ஒரு பழைய வினா

புதுச்சேரிக்கு வடக்கே, வங்கக் கடலை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் பொம்மையார்பாளையம். மயிலம் பொம்மபுர ஆதீனத்தின் பெயரில் வழங்கும் பொம்மபுரம் இவ்வூரே. பதினேழாம் நூற்றாண்டில் இம்மடத்துச் சிவஞான பாலைய சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர் 'நன்னெறி', 'பிரபுலிங்க லீலை' முதலிய நூல்களை இயற்றிய துறைமங்கலம் சிவப்பிரகாசர். கிறித்தவ சமயத்தை மறுத்து அவர் இயற்றியதாகச் சொல்லப்படும் 'ஏசுமத நிராகரணம்' முழுமையாகக் கிடைக்கவில்லை. எனினும், அப்பெயர் ஒன்றே ஒரு செய்தியை உணர்த்துகின்றது. ஒரு வீரசைவப் புலவர் மறுப்பு நூல் எழுதத் துணியும் அளவிற்குக் கிறித்தவம் அந்நாளில் தமிழகத்தில் வேரூன்றத் தொடங்கியிருந்தது.

வீரசைவர்க்குக் குருவின் கையால் இலிங்கம் பெறுதல் இன்றியமையாதது. சைவ சித்தாந்தமும் தீக்கையின்றி வீடுபேறு இல்லை என்னும். ஆயினும் அதே சைவம், ஆகமம் அறியாத கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்குகின்றது. சடங்கு இன்றியமையாதது என்ற விதியும், அன்பு அவ்விதியைக் கடந்து சென்ற வரலாறும் ஒரே சமயத்திற்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. கிறித்தவத்திலும் இந்நிலையே உண்டு. திருமுழுக்குப் பெறாமல் ஒருவர் மீட்படைய இயலுமா? நம்பிக்கை ஒன்றே போதுமா, கீழ்ப்படிதலும் வேண்டுமா? ஈராயிரம் ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் இவ்வினா, தமிழ்நாட்டில் ஓரியூரில் ஓர் உயிரை வாங்கியது. பொம்மையார்பாளையத்திலிருந்து நடந்தே எட்டிவிடக்கூடிய புதுச்சேரியில் உரோமாபுரி வரை சென்ற ஒரு வழக்காயிற்று.

மறைநூலில் இரு குரல்கள்

நீராலும் ஆவியாலும் பிறவாதவர் இறையாட்சிக்குள் நுழைய முடியாது என்று நிக்கதேமுவிடம் இயேசு கூறியதாக யோவான் நற்செய்தி உரைக்கின்றது. விசுவசித்துத் திருமுழுக்குப் பெறுவோர் மீட்படைவர் என்பது மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதி. ஆயின் அவ்விடத்திலேயே, தண்டனைக்கு உள்ளாவோரைக் குறிக்கும்போது விசுவாசமின்மை மட்டுமே சொல்லப்படுகின்றது, திருமுழுக்கின்மை சொல்லப்படவில்லை. சிலுவையில் தொங்கிய கள்வன் எவ்வகைத் திருமுழுக்கும் பெறாமலே அன்றே பேரின்ப வீட்டில் இருப்பான் என்ற உறுதியைப் பெற்றான். உரோமைப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டில் தூய ஆவி முதலில் இறங்கியது. தண்ணீர் பிறகுதான் வந்தது. மீட்பு அருளால் வருவது, செயலால் வருவதன்று என்று பவுலடியார் எழுத, செயலற்ற நம்பிக்கை செத்தது என்று யாக்கோபு எழுதினார்.

இவ்விரு குரல்களையும் இணைக்கத் திருச்சபை தொடக்கம் முதலே முயன்றது. கி.பி. 392-இல் பேரரசன் இரண்டாம் வாலந்தீனியன் திருமுழுக்கை வேண்டியிருந்தும் அதனைப் பெறுமுன்னே இறந்தான். மிலான் ஆயர் அம்புரோசியார் தம் இரங்கல் உரையில், அவன் விரும்பிய விருப்பமே அவனுக்கு அருளாயிற்று என்ற கருத்தை வெளியிட்டார். நம்பிக்கைக்காக உயிர் நீத்தவர்க்கு இரத்தமே திருமுழுக்கு என்பதும் ஏற்கப்பட்டது. திருமுழுக்குப் பெறாது இறக்கும் குழந்தைகளைப் பற்றி அகுஸ்தீனார் கொண்ட கருத்தோ மிகக் கடுமையானது. 1547-இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருமுழுக்கு இன்றியமையாதது என்று வரையறுத்தது. ஆயினும் அதன் விருப்பமும் பயன் தரும் என்பதற்கு இடம் வைத்தது. நம்பிக்கையை முதன்மைப்படுத்திய லூத்தரும் திருமுழுக்கைக் கைவிடவில்லை. ஆகவே, வாய்ப்பின்றித் திருமுழுக்குப் பெறாதவர்க்குக் கதவு முற்றிலும் அடைக்கப்பட்டதில்லை. வாய்ப்பிருந்தும் பெறாதவர் நிலை என்ன என்பதே கடினமான வினா. அதற்கு விடை காண, திருமுழுக்கோடு சேர்த்து வேறு என்னவெல்லாம் கேட்கப்பட்டன என்பதைக் காணவேண்டும்.

ஓரியூரில் கேட்கப்பட்ட விலை

போர்த்துக்கல் நாட்டில் 1647-இல் பிறந்து, மதுரை மிஷனில் துறவிக் கோலத்தில் பணியாற்றிய ஜான் தெ பிரிட்டோ, தமிழ் மக்களுக்கு அருளானந்தர். மறவர் சீமையின் அரச மரபினரான தடியத்தேவர் நோயுற்றிருந்தபோது, ஓர் உபதேசியார் நற்செய்தி வாசித்து வேண்டினார். நோய் நீங்கியது. தேவர் திருமுழுக்கை நாடினார். நம்பிக்கை அவரிடம் முன்பே இருந்தது. ஆயினும் அருளானந்தர் உடனே தண்ணீர் வார்த்துவிடவில்லை. மனைவியர் பலருள் ஒருவரோடு மட்டுமே வாழ்வதாக ஒப்பினாலன்றித் திருமுழுக்கு இல்லை என்றார். தேவர் ஒப்பினார். 1693 ஜனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவருடைய முறையீடு அரண்மனையை எட்டியது. இரண்டே நாளில் அருளானந்தர் சிறைப்பட்டார். பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை துணிக்கப்பட்டார். 1947-இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது.

இங்கே கீழ்ப்படிதல் என்பது திருமுழுக்கின் பின் வரும் பயன் அன்று. அதற்கு முன் கேட்கப்பட்ட விலை. அவ்விலையைத் தேவர் ஒருவரே செலுத்தவில்லை. குருவானவர் தம் உயிரைக் கொடுத்தார். இதன் மறுபக்கமாக, தாம் எக்குற்றமும் செய்யாமல் இல்லறத்திலிருந்து விலக்கப்பட்ட பெண்களும் விலை கொடுத்தனர். அவர்களுள் எவரும் திருமுழுக்கைக் கேட்டவரல்லர். ஒருவரின் மீட்புக்குரிய நிபந்தனை மற்றொருவரின் வாழ்வைத் தொடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

புதுச்சேரியில் எச்சிற் பிணக்கு

பத்தாண்டு கழித்து, 1703 நவம்பர் 6-ஆம் நாள், சீனத்திற்குச் செல்லும் வழியில் திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன் புதுச்சேரியில் இறங்கினார். நோயுற்றிருந்தமையால் உள்நாட்டு மிஷன்களை நேரிற் காணவில்லை. பூஷே, பெர்த்தோல்தி ஆகிய இயேசு சபைக் குருக்களை வினவியும், வந்த முறையீடுகளை ஆராய்ந்தும், 1704 ஜூன் 23-ஆம் நாளிட்ட ஆணையொன்றை வரைந்தார். ஜூலை 8-ஆம் நாள் அது வெளியிடப்பட்டது. மூன்று நாளில் அவர் கப்பலேறினார்.

திருமுழுக்குச் சடங்கில் குருவானவர் தம் உமிழ்நீரைத் தொட்டு, பெறுவோரின் செவியிலும் மூக்கிலும் தடவுதலும், முகத்தில் ஊதுதலும் உரோமை முறை. தமிழர்க்கு எச்சில் தீட்டு. ஆதலால் மிஷனரிகள் அவற்றை விட்டுவந்தனர். தூர்னோனின் ஆணை அவற்றைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிற்று. புனிதர் பெயர்களையே இடுதல், குழந்தைகளின் திருமுழுக்கைத் தள்ளிப்போடாமை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை விலக்கல், திருநீறு அணியாமை, மாதவிலக்குற்ற பெண்களைக் கோயிலினின்று தடுக்காமை முதலியவற்றையும் விதித்தது. 'பறையர்' என ஒதுக்கப்பட்ட கிறித்தவர் நோயுற்றால் குருக்கள் அவர்கள் இல்லம் சென்றே அருட்சாதனம் வழங்கவேண்டும் என்பதும் அவ்வாணையின் ஒரு கூறு.

ஒன்றைக் கருதவேண்டும். உமிழ்நீர் இன்றி அளிக்கப்பட்ட திருமுழுக்கு செல்லாது என்று எத்தரப்பினரும் வாதிடவில்லை. தண்ணீரும் மூவொரு இறைவன் பெயரும் இருந்தாற் போதும் என்பது இருவர்க்கும் ஒப்ப முடிந்த கொள்கை. எனவே மீட்பு அங்கே வழக்கின் பொருள் அன்று. உரோமைக்குக் கீழ்ப்படிதலே பொருள். இவ்வழக்கு நாற்பதாண்டு நடந்தது. இடையில் உமிழ்நீர் குறித்துக் காலவரையறையோடு தளர்வு தரப்பட்டது. 1744 செப்டம்பர் 12-ஆம் நாள் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணைமடல் பிணக்கை முடித்துவைத்தது. மிஷனரிகள் இதன்பொருட்டு எடுக்கவேண்டியிருந்த உறுதிமொழி 1940-இல்தான் நீக்கப்பட்டது.

ஒதுக்கப்பட்டோர் இல்லம் செல்லும் கூறு என்னவாயிற்று? பிற சாதியார் தங்களை விலக்கிவிடுவர் என்று அஞ்சிய இயேசு சபையார், அவர்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்த முன்வந்தனர். பெனடிக்ட் அதனை ஏற்றார். எச்சிலைப் பற்றிய கூறு நுணுக்கமாக ஆராயப்பட்டது. தீண்டாமையைப் பற்றிய கூறு ஓர் ஏற்பாட்டால் கடந்து செல்லப்பட்டது.

கீழ்ப்படிதலைக் கேட்டவர் யார்?

ஆணைமடல் வெளிவந்த மறு ஆண்டு, 1745-இல், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளது. புதுச்சேரிக் கோயிலுள் ஒதுக்கப்பட்டோர் ஒருபுறமும் ஏனையோர் மறுபுறமும் அமர ஒரு சுவர் நின்றது. ஒதுக்கப்பட்ட கிறித்தவர் திரண்டு தலைமைக் குருவிடம் சென்று, தங்களையும் சீடர்களாகக் கொண்டிருப்பின் வேற்றுமை காட்டலாகாது என்று முறையிட்டனர். குருவானவர் அது நியாயம் எனக் கண்டார். சுவர் இடிக்கப்பட்டது. பின் எல்லாரும் கலந்து அமர்ந்தனர். உயர்சாதிக் கிறித்தவர் சிலர் குருவோடு சச்சரவிட்டனர்.

அதுவரை திருச்சபை மக்களிடம் கீழ்ப்படிதலைக் கேட்டு வந்தது. இங்கே மக்கள் திருச்சபையிடம் அதனைக் கேட்டனர். ஒரே தண்ணீரில் பிறந்தவர் ஒரே குடும்பத்தார் என்பது திருமுழுக்கின் பொருளானால், அப்பொருளுக்கு முதலில் கீழ்ப்படியவேண்டியது கோயில் அன்றோ என்பதே அவர்தம் வாதம். மறைநூல் விளக்கங்கள் பல தொகுதி நிரப்பியும் தெளியாத ஒன்றை அவர்கள் சுவரைச் சுட்டிக்காட்டித் தெளிவித்தனர்.

சுவர் வீழ்ந்ததனால் பிரிவினை ஒழிந்துவிடவில்லை. 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எறையூரில், தலித் கிறித்தவர் தமக்குத் தனிப் பங்கு வேண்டியதை ஒட்டிக் கலவரம் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். மோதிக்கொண்ட இரு தரப்பாரும் திருமுழுக்குப் பெற்றவரே.

தண்ணீருக்கு வெளியே நின்றவர்கள்

இந்நிலையில், விசுவாசம் கொண்டும் திருமுழுக்கை வேண்டாது நின்றவர்களும் தமிழகத்தில் தோன்றினர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி வில்லியம் மில்லரின் வரலாற்றை எழுதிய ஓ. கந்தசாமி செட்டியார் அவர்களுள் ஒருவர். கிறித்துவை மீட்பராக ஏற்றும், திருச்சபையிற் சேராமல் இந்து சமுதாயத்துள்ளேயே வாழ்ந்தார். தம் நிலையை 1915-இல் மிஷனரிகள் முன்னிலையில் விளக்கினார். 1960-களில் பெங்களூரின் டேனிஷ் வரலாற்றறிஞர் காய் பாகோ, இந்துக்கள் கிறித்துவைப் பின்பற்றத் திருச்சபையிற் சேரவேண்டுமா என்று வினவினார். சென்னைப் பேராயர் லெஸ்லி நியூபிகின், கிறித்துவைப் பின்பற்றுதல் கண்ணுக்குத் தெரியும் ஒரு கூட்டுறவின்றி அமையாது என மறுத்தார். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது, மனச்சான்றின்படி இறைவனை நாடுவோரும் மீட்படையக்கூடும் என்றது.

இவ்விவாதத்தில் சட்டத்திற்கும் பங்குண்டு. மதம் மாறியோர் சொத்துரிமை இழத்தலைத் தடுக்க 1850-இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறித்தவராகிய தலித் மக்கள் பட்டியல் சாதியினர் ஆகார். 2024 நவம்பர் 26-ஆம் நாள், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கைக்குழந்தையாக அவர் பெற்ற திருமுழுக்கையும் பிற சான்றுகளையும் கொண்டு அவரைக் கிறித்தவர் எனக் கண்ட உச்சநீதிமன்றம், பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய அவர்தம் மேல்முறையீட்டைத் தள்ளியது. சாதி கோயிலுக்குள்ளும் தொடர்ந்து வருவதைக் கண்டவர்களுக்கு, திருமுழுக்குப் பதிவேட்டில் இடப்படும் ஒரு வரி எத்துணைச் சுமையுடையது என்பது விளங்கும்.

ஆகவே, திருமுழுக்கு மீட்புக்கு இன்றியமையாததா என்ற வினாவிற்கு இறையியல் தந்த விடை ஒருவாறு இளகிக்கொண்டே வந்துள்ளது. கீழ்ப்படிதல் வேண்டுமா என்பதில் அத்தகைய இளக்கம் இல்லை. எதற்குக் கீழ்ப்படிதல் என்பதே மாறிவந்தது. ஓரியூரில் அது ஒருதார மணம்; தூர்னோனின் ஆணையில் உரோமைச் சடங்கு; 1745-இல் சுவரை இடித்தல். மூன்றனுள் கடைசியானதே திருமுழுக்கின் உட்பொருளுக்கு மிக அணுக்கமானது. அதனைக் கேட்டவர்கள் இறையியல் பயின்ற குருக்களல்லர். திருமுழுக்குப் பெற்றும் சுவருக்கு அப்பால் அமர்த்தப்பட்டவர்கள்.

தில்லைக் கோயிலுக்குள் புக நந்தனார் தீயில் மூழ்கவேண்டியிருந்தது என்று பெரியபுராணம் பாடும் நாடு இது. தீயில் மூழ்கியவரையும் தண்ணீரில் மூழ்கியவரையும் வாசலில் நிறுத்திக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே. பொம்மையார்பாளையத்து மடத்திலும் புதுவைக் கோயிலிலும் விளக்கேற்றுவோர் இன்றும் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்.